முளைக்காத இரண்டு பற்கள்

மார்ச் 9, திங்கள்

ஈரோட்டில் அச்சுக்குக் கொடுத்திருந்த கல்யாண ஆல்பத்தை வாங்கிக்கொண்டு மதியம் பஸ்ஸில் சேலம் திரும்பினேன். கொண்டலாம்பட்டி பைபாஸில் முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றதால் பஸ்ஸும் நின்றுவிட்டது. வெயிலுக்குப் போட்டிருந்த ஜன்னல் திரையை ஒதுக்கி அண்ணாந்து பார்த்தேன். அமிழ்தா சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. 'சுடர்மலை பப்ளிக் ஸ்கூல், சேர்க்கை நடைபெறுகிறது.' அவள் ஒருநாளும் போட்டிராத நீலக் கோட்டு, கழுத்தில் டை. முகம் மட்டும் எங்கள் அமிழ்தா. எங்கள் ஸ்டுடியோவில் எடுத்த படம்.

மடியிலிருந்து ஆல்பம் நழுவியிருக்கிறது. பக்கத்து சீட்டு அம்மா எடுத்துக் கொடுத்தார். "தெரிஞ்ச புள்ளைங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

கடைக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "எந்த இடத்துல?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் இரண்டு பாஸ்போர்ட் படம், ஒரு லேமினேஷன். ராத்திரிக்கு ரசம் வைத்தேன்.

மார்ச் 10

ஸ்டுடியோ பெயரில் நெட்டில் இருக்கும் பக்கத்தை இன்று திறந்தேன். கடைசியாகப் போட்ட படம் அதுதான். போன செப்டம்பரில் நானே போட்டேன், மூலையில் 'வேல் ஸ்டுடியோ' என்று பெயர் வைத்து. குழந்தைகளை இப்படி எடுப்போம் என்று காட்டுவதற்காக. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த சமயம். அந்த ஓட்டை தெரியச் சிரிப்பாள். அதனால்தான் அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தோம்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எதுவும் போடவில்லை. அக்டோபரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

பலகையில் அவளுக்குப் பல் இருக்கிறது. நேற்று இதை எழுதாமல் விட்டேன். இரண்டு பெரிய, வெள்ளையான பற்கள்.

மார்ச் 12, வியாழன்

பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போன் செய்தேன். விளம்பரமெல்லாம் ஏஜென்சி பார்க்கிறது என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். நேரிலேயே போனேன், ஐந்து ரோடு பக்கம் மாடியில் இருக்கிறது. முதலாளி பெயர் லோகநாதன். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், உட்காரச் சொல்லி மோர் வரவழைத்தார்.

"நாங்க திருடலைங்க மேடம். நெட்ல கெடந்துச்சு, எடுத்துக்கிட்டோம். எல்லாரும் அப்படித்தான எடுக்கறாங்க."

"மூலையில எங்க ஸ்டுடியோ பேர் இருந்துச்சுங்களே."

"அது டிசைனுக்கு இடிச்சிருக்கும். பசங்க வெட்டிருப்பாங்க."

"பல்லு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தார். "ஸ்கூல் விளம்பரத்துல ஓட்டப்பல்லு எடுபடுமாங்க? கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை. ஏன், நல்லாத்தான இருக்குது?"

எடுத்துவிடுங்கள் என்றேன். சேர்க்கை முடிகிற வரைக்கும் பள்ளிக்கூடத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதாம். "இப்ப எடுத்தா எம் பொழப்பு போயிருங்க. வேணும்னா ஒண்ணு பண்றேன். பாப்பாவ அந்த ஸ்கூல்லயே சேத்துக்கங்க. நான் தாளாளர்கிட்டப் பேசறேன்."

மோர் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போது எத்தனையாவது படியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

கோர்ட்டுக்கு எதிரே ரஹமத்துன்னிசா என்று ஒரு வக்கீல். கல்யாண ஆர்டர் கொடுத்த ஒருவர் சொல்லி அனுப்பினார். பலகையை நான் போனில் எடுத்திருந்ததையும் ஒரிஜினல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல படம். பாப்பா என்ன படிக்கறா?"

"ரெண்டாவதுங்க."

எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "கேமராவுல பட்டனை அமுக்கினது யாருங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"காசு கொடுத்து யாராவது எடுக்கச் சொன்னாங்களா? இல்ல, அவர் எங்கயாவது சம்பளத்துக்கு இருந்தப்ப எடுத்ததா?"

"இல்லைங்க. எங்க கடை, எங்க பொண்ணு."

"அப்ப படத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். நெட்ல போட்டதால அது ஊர்ச்சொத்து ஆயிராது. பேரை வெட்டினது, மூஞ்சிய மாத்தினது, ரெண்டுமே தப்பு. நோட்டீஸ் அவர் பேர்ல போகணும். அவரைக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போடட்டும்."

"நான் போடக் கூடாதுங்களா? அவ எம் பொண்ணு."

"பெத்தவங்கன்னு கேக்கலாம். ஆனா இழுத்தடிப்பாங்க, அதுக்குள்ள சேர்க்கையே முடிஞ்சிரும். எடுத்தவர் கேட்டா சீக்கிரம் இறங்கி வருவாங்க. பொண்ணு ரெண்டு பேருக்கும்தாம்மா. படம் அவருது."

சிரிக்க வைத்தது நான். அவர் பின்னால் நின்று தலையில் மாவுச் சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டு ஆடினேன். அவள் கண் கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் இடப்பக்கம் போயிருக்கிறதே, அது என்னைப் பார்த்தது. அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றைக் கொண்டுவர வேண்டுமாம். "திருடினவங்ககிட்ட ஒரு படம்தான் இருக்கும். எடுத்தவர்கிட்டதான் மத்ததெல்லாம் இருக்கும்."

வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். "மேடம், ரெண்டாவது படிச்சா. அக்டோபர்ல டெங்கு வந்துச்சு."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உட்காருங்கள் என்றார். வெளியே யாரோ டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 17

கையெழுத்துக் கேட்டேன். "பாக்கலாம்" என்றார்.

மார்ச் 19

பாக்கலாம் என்கிறார்.

மார்ச் 24, செவ்வாய்

தினமும் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போகிறார். ஆத்தூரில் ஒரு வேலை, ராசிபுரத்தில் ஒரு வேலை என்கிறார். ஆர்டர் எழுதும் பலகையில் அப்படி ஒன்றும் இல்லை. கேமரா பை கடையிலேயே கிடக்கிறது.

இன்று ஒரு பெண் தன் மகளைக் கூட்டி வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு படம் வேண்டும். ஸ்டூலில் உட்கார வைத்து முகவாயை நிமிர்த்தினேன். தாடை சூடாக, ஈரமாக இருந்தது. ஐஸ் தின்றிருப்பாள் போல. கேமரா ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது கத்தினேன். "உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா? நடுரோட்டுல நிக்கறா அவ. போறவன் வர்றவன்லாம் பாக்கறான்." தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். குழம்பில் உப்பு இல்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மார்ச் 28

அவர் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். செ. செங்கோட்டுவேல். 'வே'யின் கொம்பு மட்டும் வரவில்லை. காகிதம் முழுக்கப் போட்டுவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

ஆல்பம் வெட்டும் பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு பைபாஸுக்குப் போனேன். என்ன நினைத்துப் போனேன் என்று இப்போது கேட்டால், கிழிக்கத்தான். சொந்தக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் கிழிக்கிறேன், போலீஸ் பிடிக்கட்டும். அவ்வளவுதான் தோன்றியது.

பலகையின் பின்பக்கம் இரும்புப் படி இருக்கிறது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். காற்றில் ஃப்ளெக்ஸ் உப்பி உப்பித் தணிந்தது, வயிற்றில் மோதுகிற சத்தம். மேல்தட்டுக்குப் போய் ஓரமாக முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். கிட்டத்தில் முகம் இல்லை. வெறும் புள்ளிகள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள். எது கன்னம், எது கழுத்து என்று தெரியவில்லை. பிளேடை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

"கோகிலா. எறங்கு. வழுக்கும்."

கத்தவில்லை. வீட்டில் பேசுகிற குரல்தான். கீழே அவர் நின்றுகொண்டிருந்தார்.

எதிரில் ஒரு இளநீர்க் கடை. அங்கே கூட்டிப் போய்க் கல்லில் உட்கார வைத்தார். கடைக்காரர் கேட்காமலே ஓர் இளநீரை வெட்டி என் கையில் கொடுத்தார். "அண்ணன் தினமும் வருவாருங்க. இங்கதான் உக்காந்திருப்பாரு. போர்டு வேலை பாக்கறவருன்னு நெனச்சேன்."

"ஏங்க, அவ வாயப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன்."

"பல்லு வச்சிருக்காங்க."

"முளைச்சிருச்சு கோகிலா." பலகையைப் பார்த்தபடியேதான் பேசினார். "இந்நேரத்துக்கு முளைச்சிருக்கும்ல? டாக்டர் சொன்னாரே, ஆறு மாசத்துல வந்துரும்னு."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு இளநீரை வைக்க இடம் கிடைக்கவில்லை.

"நம்ம வீட்ல அவ இல்ல. இங்க வந்தா இருக்கா. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போறா. நீ எறக்கச் சொல்ற."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். அவர் சட்டை முதுகெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

ஏப்ரல் 2

இன்றும் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் ஊர் பெயர் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, புதன்

வக்கீலம்மா ஏஜென்சிக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறார். அமிழ்தா விஷயத்தையும் சொல்லியிருக்கிறார். இன்று காலை லோகநாதன் கடைக்கு வந்தார். வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, அதை நான் எழுதத்தான் வேண்டும்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அன்னிக்கு ஸ்கூல்ல சேக்கறேன்னு சொல்லியிருப்பேனா? ரெண்டு நாளா சோறு எறங்கல."

பிறகு ஒரு கவரைப் பிரித்து இரண்டு பெரிய படங்களை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் பன்னிரண்டு வயதுப் பெண், கையில் கோப்பை. மற்றதில் பதினாறு, பதினேழு இருக்கும். கண்ணாடி போட்டுக் கழுத்தில் அடையாள அட்டை.

"நம்ம பாப்பாதாங்க. கம்ப்யூட்டர்ல கொடுத்தா அதுவே வளத்திருது. தாளாளர் சம்மதிச்சிட்டார். வருஷா வருஷம் பாப்பாதான் எங்க ஸ்கூல் முகம். அஞ்சாவது, எட்டாவது, பன்னெண்டாவது. நீங்க பாக்க முடியாமப் போனதை நாங்க காட்டறோம்ங்க. படம் உங்களுது, அனுமதின்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தீங்கன்னா போதும். மரியாதையா உங்க பேரையும் கீழ போட்டுர்றோம்."

எழுந்து போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் கேட்டார்:

"இந்த ரெண்டு படமும் இங்க இருக்கட்டுமா?"

"தாராளமா இருக்கட்டுங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

ஏப்ரல் 9

படங்களைக் கட்டில் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 10

கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு மார்ச் மாதமும் அவள் ஒரு வகுப்பு மேலே போவாள், நான் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டும். எங்கள் அக்கா திருப்பூரில் இருக்கிறாள். அங்கே போய்விடலாமா என்று நினைத்தேன். திருப்பூரிலும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளை இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார். இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"இது யாரு கோகிலா?"

என்னிடம் வம்பு செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"அவளுக்கு வலது புருவத்துல ஒரு சுழி இருக்கும். பெருசானாலும் அது போகாது, எங்கப்பாவுக்கு அறுபது வயசுலயும் இருந்துச்சு. இதுல இல்ல. காது மடலு வேற. நாலு நாளாப் பாக்கறேன். இவங்க அவள வளத்தல. வேற யாரோ ஒரு பொண்ணக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க."

நான் அரிசித் தண்ணீர் கையோடு நின்றேன்.

"நேத்து அவ பேசறத நெனச்சுப் பாக்கலாம்னு பாத்தேன். பல்லோட வந்து நிக்கறா. ஓட்டை வழியா காத்துப் போகும்ல, ஸ்கூலுங்கறத ஃபூலுன்னு சொல்லுவாளே, அது கேக்கல. எவ்வளவோ முக்கிப் பாத்தேன் கோகிலா. வரல. அந்தப் போர்டப் பாத்துப் பாத்து நானே அழிச்சிட்டேன்."

அக்டோபரில்கூட அவர் அழுததை நான் பார்க்கவில்லை. சுடுகாட்டில் வந்தவர்களுக்கெல்லாம் டீ சொல்லிக்கொண்டிருந்தார். இன்று என் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். என் கை ஈரம் அவர் தலையெல்லாம் ஆயிற்று.

பிறகு எழுந்து பீரோவைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினார்.

அன்று எடுத்தது அத்தனையும் இருந்தது. முதலில் வெறும் ஸ்டூல், வெளிச்சம் சரிபார்க்க எடுத்தது. அடுத்ததில் பாதி உடம்பு, ஏறிக்கொண்டிருக்கிறாள். மூக்கில் விரல். கவுன் நுனி வாயில். கோபம். அப்புறம் அந்தச் சிரிப்பு, ஊருக்கெல்லாம் தெரிந்தது. அதற்கு அடுத்ததில் உதடு மூடியிருக்கிறது, ஏதோ சொல்ல வந்த மாதிரி. அதற்கும் அடுத்ததில் வாய் திறந்திருக்கிறது, ஓட்டை தெரிகிறது.

"'போதும்ப்பா'ங்கறா" என்றார்.

"இல்லைங்க. 'அம்மா'ங்கறா. சல்லடைய எடுத்துட்டேன், அதுக்குத்தான் கூப்பிடறா."

"எனக்குத் தெரியாதா? நான்தான் எதிர்ல நின்னேன். இது 'ப்பா'."

"கண்ணு எங்க இருக்கு பாருங்க. என்னையப் பாக்கறா. இது 'ம்மா'."

முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தோம். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். படத்தில் சத்தம் கிடையாது. விடாமல் சண்டை போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போட்டோம். அவளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது, இத்தனை மாதத்தில் இன்றுதான்.

சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது. அதையே தின்றோம்.

ஏப்ரல் 13, திங்கள்

வக்கீலம்மா ஆபீஸில் கையெழுத்துப் போட்டார். மற்றப் படங்களையெல்லாம் கொடுத்தோம். நஷ்டஈடு என்ன கேட்கலாம் என்றார் அவர். இவர் தலையாட்டி மறுத்தார்.

"எறக்கணும். கம்ப்யூட்டர்ல வச்சிருக்கறதெல்லாம் அழிக்கணும். அந்த ரெண்டு பெரிய பொண்ணுங்களையும்."

"அழிச்சிட்டோம்னு எழுதிக் கொடுப்பாங்க. நிஜமா அழிச்சாங்களான்னு நம்மளால பாக்க முடியாது. அதையும் சொல்லிர்றேன்."

"தெரியும்ங்க" என்றார்.

ஏப்ரல் 25, சனி

இன்று இறக்கினார்கள். திருப்பூர்க் கிளைக்கு வைத்த பலகை நேற்றே போய்விட்டதாம். லோகநாதனே வந்திருந்தார், எங்கள் பக்கம் வராமல் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மேலே இரண்டு பேர் கயிற்றை அவிழ்த்தார்கள். ஒரு மூலை விடுபட்டதும் நெற்றி மடிந்து கண்ணுக்குமேல் விழுந்தது. நான் பார்க்கவில்லை. அவர் கடைசிவரை பார்த்தார். கீழே விழுந்தபோது சின்னச் சத்தம்தான் கேட்டது. அவ்வளவு பெரியதுக்கு அது போதாது.

"நல்ல ஃப்ளெக்ஸுங்க. கூரை மேல போடறதுக்கு ஆகும். நீங்க எடுத்துக்கலைன்னா நான் மாட்டுக் கொட்டாய்க்கு எடுத்துக்குவேன்" என்றார் அவிழ்த்தவர்களில் ஒருவர்.

நாங்கள் எடுத்துக்கொண்டோம். முகம் உள்பக்கம் வரும்படி இரண்டு பேரும் சுருட்டினோம். சரக்கு ஆட்டோ பிடித்தோம். இதை என்ன செய்யப்போகிறீர்கள், எரித்துவிடலாமே என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"எரிக்க வேண்டாம்" என்றார் அவர். "ஒருதடவை எரிச்சாச்சு."

ஸ்டுடியோவில் பின்திரைகள் வைக்கிற மூலையில் நிற்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30

பைபாஸ் வழியாக வந்தேன். அதே இடத்தில் சிமென்ட் விளம்பரம். பஸ் நிற்கவில்லை.

மே 3, ஞாயிறு

காலையில் கடையைத் திறந்து அவரே ஒரு படம் பிரிண்ட் போட்டிருக்கிறார். அன்று எடுத்தவற்றில் கடைசிப் படம். அவள் ஸ்டூலிலிருந்து குதிக்கிறாள். ஃபோகஸ் தவறிவிட்டது. ஸ்டூலின் கால் மட்டும் துல்லியமாக இருக்கிறது. முகம் ஒரு கலங்கல், வாய் ஒரு கறுப்புப் புள்ளி. வாடிக்கையாளர் யாருக்காவது எடுத்திருந்தால் அந்த இடத்திலேயே அழித்திருப்பார்.

ஹாலில் ஆணி அடித்து மாட்டினார். எட்ட நின்று பார்த்தேன். இன்னும் நல்லது எத்தனையோ இருக்கிறதே என்றேன்.

"இத யாரும் எடுத்துக்க மாட்டாங்க" என்றார்.

குதித்தவள் நேராக என்னிடம்தான் ஓடி வந்தாள், சல்லடையைப் பிடுங்குவதற்கு. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவரிடம் சொன்னேன். இந்தமுறை இல்லை என்று சொல்லவில்லை. எந்தப் பக்கமாக ஓடி வந்தாள் என்று கேட்டார். காட்டினேன்.